இரண்டு கைக்குள் மூன்று பேர்

கைப்பாவை டூப்ளேவின் தலை ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு கவர்னர் அவர். களிமண்ணில் முகம் பிடித்து, பழைய பேப்பரைக் கிழித்து மைதாப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் காதோரம் கீறி மண்ணை வழித்தெடுத்தேன். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தாயிற்று. இல்லாவிட்டால் எங்கள் முத்தியால்பேட்டைக் கரப்பான்கள் கவர்னர் என்றுகூடப் பார்க்காது. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளின் வழவழப்பு இதில் வராது. ஆனால் கைப்பாவைக்குத் தலை கூடாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆட்காட்டி விரல் தாங்கும். கட்டைவிரலும் நடுவிரலும் கைகளுக்குள் போகும். பாலக்காட்டுப் பாவைக்கதகளியிலும் இதே விரல் கணக்குதான்.

கதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் காலம், 1736 முதல் 1761 வரை. காட்சியில் டூப்ளே, ஒரு நெசவாளி, நடுவில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, பிள்ளை. ஆட்டுவது நான் ஒருத்திதான், இருப்பது இரண்டே கை. அதனால் பிள்ளை வலது கையை விட்டு இறங்குவதே இல்லை. இடது கையில் டூப்ளே பிரெஞ்சில் உறுமிவிட்டுத் திரைக்குக் கீழே போவார். நெசவாளி மேலே வருவார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவே முடியாது. எந்தச் சேதி எப்படிப் போய்ச் சேரும் என்பது பிள்ளை கையில். துபாஷி உத்தியோகமே அதுதானே! பாவைக்கு வாய் அசையாது. பேசுகிறவர் தலையை ஆட்ட, மற்றவர் ஆடாமல் நின்றால் போதும், யார் பேசுகிறார் என்று குழந்தைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

மதாம் ழான் வந்தால்தான் கதை மாறுகிறது. டூப்ளேவின் மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார். அவரை நெசவாளியிடம் நேரடியாகப் பேசவிட்டேன். அதற்காக மட்டும் சித்தி உள்ளே வந்து ஒரு கை கொடுக்கிறார். பிள்ளை ஓரமாக நின்று தலைப்பாகையைச் சரிசெய்துகொள்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த வாண்டுகள் அதற்குத்தான் அதிகம் சிரித்தன.

1748இல், டூப்ளே ஆட்சியில், வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததையும் சேர்த்திருக்கிறேன். குழந்தைகள் சிரித்துப் பார்க்கிற ஆட்டத்தில் அது எதற்கு என்று சித்தி முணுமுணுத்தார். அதை விட்டுவிட்டால் அப்புறம் என்ன ஊர்க்கதை?

அடுத்து 1954 அக்டோபர் 18, கீழூர் வாக்கெடுப்பு. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளை இந்தியாவோடு இணைப்பதா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த நாள். மொத்தம் 178 பேர்; இணைப்புக்கு 170, எதிர்த்து 8. இதற்குக் கைப்பாவை சரிப்படாது, அட்டையில் தலைகளை வெட்டிக் குச்சியில் ஒட்டப்போகிறேன். அந்த எட்டுப் பேரை வில்லன் மாதிரி வரையக் கூடாது என்று பெரியப்பா இப்போதே மல்லுக்கு நிற்கிறார். அவருடையது சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்.