தராசில் முத்திரை இருந்தது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக இலை எடை போடுகிறேன். தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்று வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குகிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் இலை வர ஆரம்பிக்கும். பிக்கப் வண்டியில் வரும், ஆட்டோவில் வரும், தலைச்சுமையாகவும் வரும். சாக்கைத் தராசில் ஏற்ற வேண்டும். எண் நின்றதும் ஏட்டில் எழுதி, விவசாயியின் பாஸ் புத்தகத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் வேலை அவ்வளவுதான். இயேசுவைப் பின்பற்றுவது என்றால் என்ன என்பதை நான் படித்தது இந்தத் தராசின் முன்னால் நின்றுதான்.

அப்பாவும் அம்மாவும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தார்கள். தகரப்பெட்டியில் வந்த சாமான்களில் வேதாகமமும் ஒன்று. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் நான் மூன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து ராத்திரி ஓர் அதிகாரம் உரக்க வாசிப்பது என் வேலையாயிற்று. நீதிமொழிகளில், "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று வரும். நான் அதைச் 'சமுத்திரையான நிறைகல்' என்று வாசிப்பேன். கடலிலிருந்து எடுத்த கல் என்று மனதில் இருந்தது. அம்மா திருத்தவில்லை. கடல் தாண்டி வந்தவளுக்கும் அதுவே சரியாகப் பட்டிருக்க வேண்டும்.

வேலைக்கு வந்த பிறகு அதிகாலை வாசிப்புக்கு மாறினேன். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். தினமும் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். அட்டவணை ஒட்டி, வாசித்ததும் டிக் போடுவேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரும் வருடத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, இந்த வருடமும் முடித்தாயிற்று என்ற திருப்தி இருக்கும். அந்த அட்டை வருடம் முழுக்கச் சட்டைப் பையில் கிடக்கும். ஆனால் ஐந்து மணிக்கு வாசித்தது இரண்டு மணிக்குத் தராசின் முன்னால் நிற்கும்போது நினைவில் இருக்காது. இதை அப்போது நான் ஒரு குறையாகவே எண்ணவில்லை. வாசிப்பு வீட்டில், வேலை ஷெட்டில் என்றுதான் வாழ்ந்தேன்.

எங்கள் ஆயர் ஒருமுறை சொன்னார்: "ஒரு வருஷம் அட்டவணையை விட்டுடுங்க. நாலு சுவிசேஷம் மட்டும், ஒரு நாளைக்கு ஒரே அதிகாரம். இயேசு எங்க போறாருன்னு பாத்துக்கிட்டே பின்னால போங்க." மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 21. கூட்டினால் 89 அதிகாரம். வருடத்துக்கு நாலு முறை வந்துவிடும், சில நாட்கள் மீதியும் இருக்கும். முதல் சுற்றில் எனக்குக் கை பரபரத்தது. ஓர் அதிகாரத்தோடு மூடி வைப்பது சோற்றைப் பாதியில் விட்டு எழுந்த மாதிரி இருந்தது. இரண்டாம் சுற்றில்தான் நிதானம் வந்தது. எனக்கு என்ன வாக்குத்தத்தம் இருக்கிறது என்று தேடுவது நின்றது. அவர் யார் வீட்டு வாசலில் நிற்கிறார், யார் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்த்தபோதுதான் ஆயத்துறை என்ற சொல்லில் கண் நின்றது. எத்தனையோ முறை வாசித்துத் தாண்டிப் போன சொல் அது. "ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயு என்னும் ஒரு மனுஷனைக் கண்டு: எனக்குப் பின்சென்று வா என்றார்." ஆயம் என்றால் வரி. அங்கே ஒரு பலகை இருந்திருக்கும், ஒரு ஏடு இருந்திருக்கும். முன்னால் சுமையோடு ஒருவன் நின்றிருப்பான், உட்கார்ந்திருப்பவன் என்ன எழுதுகிறானோ அதுதான் கணக்கு என்று. அன்று மதியம் ஷெட்டுக்குப் போய் என் மேசையைப் பார்த்தபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கழிவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம்தான். நாலு, நாலரை கிலோ இலை போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். மழையில் நனைந்த இலை என்றால் அதன் மேல் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து எடையில் ஏறும். அதை வாட்டக் காற்றாடி கூடுதல் நேரம் ஓட வேண்டும், விறகும் கூடுதலாக எரியும். ஆகவே நனைந்த இலைக்கு எடையில் கொஞ்சம் கழிப்பது நியாயம்தான். தண்ணீருக்குத் தேயிலை விலை கொடுக்க யாராலும் முடியாது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வடகிழக்குப் பருவமழையின்போது சாக்குக்கு இரண்டு கிலோ என்று கழிவு வைத்தார்கள். மழை நின்றது, கழிவு நிற்கவில்லை. ஜனவரியில் உறைபனி விழுந்து இலை கருகிப் போய், வருவதே பாதியாகக் குறைந்த நாட்களிலும் இரண்டு கிலோ. மார்ச் வெயிலிலும் இரண்டு கிலோ. காலிச் சாக்கின் எடை அரை கிலோகூட வராது. தராசு 23.4 என்று காட்டும். நான் 21 என்று எழுதுவேன். இரண்டு கிலோ கழிந்தது போக, புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் விட்டுவிடுவேன். இப்படி மூன்று வருடம் எழுதினேன்.

எங்கள் தராசு எலக்ட்ரானிக் தராசு. வருடத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். ஒரு வருடமும் தவறியதில்லை. சிறுவயதில் கடல் கல் என்று நினைத்த அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அந்த முத்திரையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. சு, முத்திரை. நல்ல முத்திரை உள்ள கல். எங்கள் தராசு சுமுத்திரையான தராசுதான். கள்ளம் என் பேனாவில் இருந்தது.

லூக்கா ஆறாம் அதிகாரம் வந்த நாளை மறக்க முடியாது. "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்" என்ற வசனத்தைக் காணிக்கை எடுக்கும் நேரத்தில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கொடுத்தால் திரும்ப வரும் என்ற பொருளில்தான் அது என் காதில் தங்கியிருந்தது. அன்று மதியம் ஷெட்டில், படுகர் ஊரிலிருந்து வரும் ஒரு பாட்டி சாக்கின் வாயைப் பிரித்து, மேலே இருந்த இலையை முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை முண்டில் தேயிலைக் கறை. அமுக்கினார், சாக்கின் இரண்டு காதையும் பிடித்துக் குலுக்கினார், இன்னொரு கை இலை போட்டார். நன்றாய் அளந்து கொடுத்தவர் அவர். வசனத்தின் பின்பாதி அப்போதுதான் எனக்குக் கேட்டது: "நீங்கள் எந்த அளவினால் அளக்கிறீர்களோ அந்த அளவினால் உங்களுக்கும் அளக்கப்படும்."

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மத்தேயு எழுந்து போனானே. முழுநேர ஊழியத்துக்குப் போவதைப் பற்றி ஜெபித்தும் வந்தேன். ஆனால் அதே லூக்காவில் மூன்றாம் அதிகாரத்தில், ஆயக்காரர் யோவான்ஸ்நானனிடம் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆயத்துறையை விட்டு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்கிறார். சிலரை ஆண்டவர் மேசையிலிருந்து எழுப்புகிறார், சிலரை அதே மேசையில் உட்கார வைத்துத் திருத்துகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். எனக்கு எது என்று தெளிவாகத் தெரிய இன்னும் ஒரு சுற்று ஆயிற்று.

அதன் பிறகு நான் செய்தது சின்னக் காரியம். பாஸ் புத்தகத்தில் நிகர எடைக்குப் பக்கத்தில் தராசு காட்டிய மொத்த எடையையும் எழுத ஆரம்பித்தேன். 23.4, அதற்குப் பக்கத்தில் 21.4. புள்ளியையும் விடவில்லை. கழிவை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. மறைக்காமல் இருக்க முடியும். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. மாதக் கடைசியில் பணம் வாங்க வந்தவர்கள் விரல் வைத்துக் கேட்டார்கள்.

மேனேஜர் கூப்பிட்டார். "என்னப்பா இது புதுக் கணக்கு?"

"தராசுல இருக்கறதுதான் சார்."

"பைபிள் படிக்கிறதெல்லாம் வீட்டோட வச்சுக்க. இங்க தூள் கணக்குதான்."

நான் பதில் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. குன்னூர் ஏலத்தில் தூள் விலை விழுந்தால் அடுத்த நாளே முதலாளியின் போன் அவருக்குத்தான் வரும். சில நாட்கள் என்னைத் தராசிலிருந்து எடுத்து இலை வாட்டும் மேடைக்குப் போட்டார்கள். ராத்திரி வேலை. விடியும் முன்னே இருட்டில் எழுந்து தனியாகப் போய் இயேசு ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறதே, அந்த நேரத்தில் நான் இலையைக் கிளறிக்கொண்டே மனதில் அன்றைய அதிகாரத்தை ஓட்டுவேன். பயமாகவும் இருந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பிறகு சில விவசாயிகள் இலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகவே, என்னைத் திரும்பத் தராசுக்கு அனுப்பினார்கள். வெயில் நாட்களில் சாக்கின் எடை மட்டும் கழிப்பது என்று முடிவாயிற்று. மழை நாள் கழிவில் இன்றைக்கும் சண்டை உண்டு.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் சபையிலேயே ஒருவர், வயதில் மூத்தவர், கொண்டுவந்த சாக்கு ஒரு நாள் எனக்குச் சந்தேகமாகப் பட்டது. மழை இல்லை. மேல் இலை காய்ந்திருந்தது. கையை நடுவில் விட்டால் மணிக்கட்டு வரை தண்ணீர். ஓஸ் பிடித்திருக்கிறார். நான் அவர் பக்கம் குனிந்து, "அண்ணே, இதைக் கொட்டி உலர்த்திட்டு எடை போடலாமா?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீ யார் பக்கம்டா?" என்றார். விவசாயிகளுக்காகப் பேசியவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேர் ஆகியிருந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்துப் போயிருந்தது என்பதையும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். "உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்" என்று உபாகமத்தில் இருக்கிறது. தொழிற்சாலைக்கு ஒரு கல், என் சபைக்காரருக்கு ஒரு கல் என்று நான் வைத்துக்கொள்ள முடியாது. இலையைத் தார்ப்பாயில் கொட்டினோம். அவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். இரண்டு மாதம் ஆலயத்தில் அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

ஆயக்காரருக்குத் தலைவனாக இருந்த சகேயுவை மட்டும் நான் பல சுற்றுகள் தள்ளிப்போட்டேன். லூக்கா 19 வரும் நாளில் வேகமாக வாசித்துவிடுவேன். "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." நான் வாங்கவில்லையே, என் பைக்கு ஒரு ரூபாயும் வரவில்லையே என்று சொல்லிக்கொள்வேன். எழுதியது என் கைதான் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். கடைசியில் ஒரு விடுமுறை நாளில் பழைய ஏட்டின் கார்பன் பிரதிகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். முண்டு கட்டிய அந்தப் பாட்டியின் பெயரிலிருந்து தொடங்கினேன். மாதத்துக்கு ஐந்து சாக்கு, வருடத்துக்கு 60. சாக்கு எடை போக, சாக்குக்கு ஒன்றரை கிலோ அநியாயம் என்று வைத்தால் வருடத்துக்கு 90 கிலோ. மூன்று வருடத்துக்கு 270 கிலோ. கிலோவுக்குப் பதினாலு ரூபாய் என்று சராசரி போட்டால் 3,780 ரூபாய். நாலத்தனை என்றால் 15,120. பென்சிலை வைத்துவிட்டேன். ஏட்டில் 64 பெயர்கள்.

சீட்டு எடுத்த பணத்தில் 3,780 ரூபாயை ஒரு கவரில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாட்டியின் ஊருக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். கணக்கைச் சொன்னேன். நாலத்தனை கொடுக்க இப்போது என்னிடம் இல்லை, இது முதல் மட்டும்தான் என்றும் சொன்னேன். மன்னிப்பார், அல்லது வேண்டாம் என்பார், அல்லது தலையில் கை வைப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். பாட்டி கையை முண்டில் துடைத்துவிட்டுக் கவரைப் பிரித்து, எச்சில் தொட்டு எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி தம்பி," என்றார். பிறகு, "மத்தவங்களுக்கு?"

அதற்குப் பிறகு மாதம் ஒரு பெயர், முடியாத மாதத்தில் விட்டுவிட்டு அடுத்த மாதம். சிறிய கணக்கெல்லாம் சீக்கிரம் முடிகிறது. இதுவரை பதினோரு பேர் ஆகியிருக்கிறது. ஒருவர் வாங்க மறுத்து, ஊர்க் கோயிலுக்குப் போடச் சொன்னார், போட்டேன். பன்னிரண்டாவது பெயருக்குரியவர் இறந்துவிட்டார். தோட்டத்தை விட்டுவிட்டு மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டில் அவன் போன் நம்பரை வாங்கி, அட்டவணை ஒட்டியிருந்த சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.