திருத்தம் யார் கையில்?

மேல்நிலை வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அடிப்படை உரிமைகள் பாடத்தில் 14, 19, 21, 32 என்று எண்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அரசியலமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368-வது பிரிவுக்கு வந்தால்தான் யாராவது ஒருவர் கேட்பார்: "சார், நாமளே ஒரு திருத்தம் கொண்டுவர முடியுமா?"

நேராகச் சொன்னால், முடியாது. சுவிட்சர்லாந்தில் 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்துச் சேர்த்தால் பொதுவாக்கெடுப்பு வரை போகலாம். இங்கே மசோதா நாடாளுமன்றத்தில்தான் தொடங்க வேண்டும். தேர்வுக்கு இது போதும். நான் 1951-க்குப் போவேன்.

அன்றைய சென்னை மாநிலத்தில் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெரியார் உள்ளிட்டோர் கிளர்ச்சியில் இறங்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்தது, பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) சேர்ந்தது. நம் தெருக்களில் எழுந்த குரல் டெல்லி வரை போனதைக் கேட்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அங்கேயே விட்டுவிடவும் எனக்கு மனம் வராது. அதே திருத்தம்தான் 19(2)-இல் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளையும் விரிவாக்கியது. அதற்குக் காரணமான வழக்குகளில் ஒன்றும் சென்னை மாநிலம் சம்பந்தப்பட்டதுதான்: 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மீது இங்கே விதித்த தடையை எதிர்த்து அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்து, 1950-இல் வென்ற வழக்கு. "அப்போ அது நல்ல திருத்தமா, கெட்ட திருத்தமா சார்?" என்பார்கள். பதில் சொல்லாமல் இரண்டு அணியாகப் பிரித்து வாதாட விட்டுவிடுவேன். பாடத்திட்டம் பின்தங்கும்தான், பரவாயில்லை.

அப்புறம் ஆளுக்கொரு திருத்தம் எழுதச் சொல்வேன். பெரும்பாலும் 'எல்லோருக்கும் வேலை' மாதிரி ஆசைகள்தான் வரும். கிடைக்காவிட்டால் யார், யார் மீது வழக்குப் போடுவது என்று கேட்டால் பேனா நின்றுவிடும். உரிமைக்கும் வாக்குறுதிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நடத்தியதைவிட அந்தக் கேள்வி நன்றாகப் புரியவைக்கிறது.

ஒரு மாணவி மட்டும் கச்சிதமாக எழுதியிருந்தாள். 61-வது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கிவிட்டது. மக்களவைக்குப் போட்டியிட மட்டும் ஏன் இன்னும் 25? 84-வது பிரிவில் 21 என்று மாற்ற வேண்டும். தொகுதி எம்.பி.க்கு அனுப்பித் தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவாக, கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டாள். 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை என்றேன். "தெரியும் சார், முகவரி மட்டும் சொல்லுங்க" என்றாள்.