தளைநார்

இன்று அதிகாலையில் முதலூர்ப் பக்கம் பனையேறி அண்ணாச்சி ஒருவர், மரத்தடியில் நின்று இரு பாதங்களையும் தளைநாருக்குள் நுழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேய்ந்து, வியர்வையில் கறுத்து, அவருடைய பாதத்தின் வளைவுக்கே பழகிப்போன நார் அது.

“இது இல்லாமல் ஏற முடியாதா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஏறலாம் தம்பி, கால்தான் நிக்காது” என்று சொல்லிவிட்டுக் கலயத்தோடு உச்சிக்குப் போய்விட்டார்.

தளை என்றால் விலங்கு என்று மட்டுமே அதுவரை எண்ணியிருந்தேன்.

விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்கள் 1799-இல் கூடிக் குடியேறிய ஊர் முதலூர். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள்தாம், ஆனாலும் ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்த அவர்களைவிடச் சுதந்தரமாக வாழ்ந்தவர்கள் யார்?

யோவான் 8-ஆம் அதிகாரத்தில் இயேசு, முதலில் தம்முடைய உபதேசத்தில் நிலைத்திருக்கச் சொல்லி, அதன் பிறகே சத்தியம் தரும் விடுதலையைப் பேசுகிறார். இந்த வரிசையை எத்தனை ஆண்டுகள் கவனியாமல் வாசித்திருக்கிறேன்!

வரப்புத் தகராறில் அண்ணனோடு பேசாதிருப்பதை என் உரிமை என்றே நினைத்திருந்தேன். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற கட்டளையை அறிந்தும், தூக்கமில்லாத இரவுகளோடு அந்த உரிமையைக் காத்துவந்தேன்.

பனையடியில் நின்றபடியே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“காப்பி குடிச்சியாடே?” என்றுதான் முதலில் கேட்டார்.