எக்ஸீட்: வங்கித் தேர்வில் இந்த ஒரு வினை எங்கெல்லாம் மாட்டிவிடும்?

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதி வைப்பது வழக்கம். உங்கள் நோட்டில் 'எக்ஸீட்' என்பதற்கு நேரே 'அதிகமாகு' என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, 'ஒன்றைத் தாண்டு, ஒன்றை மீறு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

'அதிகமாகு' என்று பதிந்துவிட்டால், 'செலவு பட்ஜெட்டை விட அதிகமானது' என்றுதான் மனதில் வாக்கியம் ஓடும். அந்த 'விட'வுக்காகக் கை தானாக ஆங்கில ஒப்பீட்டுச் சொல்லான 'தேன்' ஒன்றைப் போட்டுவிடும். (தமிழில் எழுதினால் இனிக்கிறது, மதிப்பெண்ணில் கசக்கும்.) 'எக்ஸீடட் தேன் த பட்ஜெட்' என்பது எரர் ஸ்பாட்டிங் (வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கும்) கேள்விக்கென்றே செய்துவைத்த மாதிரியான பிழை. 'தாண்டு' என்று பதிந்திருந்தால் 'செலவு பட்ஜெட்டைத் தாண்டியது' என்று வரும். நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் செயப்படுபொருள் நேராக ஒட்டிக்கொள்ளும்: 'எக்ஸீடட் த பட்ஜெட்'. நடுவில் தேன், ஓவர், டு எதுவும் கூடாது. எவ்வளவு தாண்டியது என்று சொல்லத்தான் 'பை' வரும்: 'எக்ஸீடட் த பட்ஜெட் பை டென் பர்சென்ட்'.

இதைவிட நுணுக்கமான பொறி இன்னொன்று. 'சென்னையின் மக்கள்தொகை மதுரையைத் தாண்டுகிறது' என்று எழுதினால் தமிழிலேயே உறுத்தும். மக்கள்தொகையை ஊரோடு ஒப்பிட முடியாது, இன்னொரு மக்கள்தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் அதற்காக 'எக்ஸீட்ஸ் தட் ஆஃப் மதுரை' என்று எழுத வேண்டும். கேள்வியில் அந்த 'தட் ஆஃப்' இரண்டையும் உருவிவிடுவார்கள். வேகமாகப் படித்தால் வாக்கியம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதனால் எக்ஸீட் கண்ணில் பட்டதும் அதன் இருபக்கமும் ஒரே இனப் பொருள்தானா என்று பார்த்துவிட்டு நகருங்கள். வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம்தான், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். இந்த ஒரு பார்வைக்குச் சில நொடிகள் போதும்.

எழுத்துக்கூட்டலில் 'சி, இ, இ, டி' என்று முடிகிற வினைகள் எக்ஸீட், ப்ரொசீட், சக்ஸீட் மூன்றுதான். ப்ரிசீட் (முந்து), ரிசீட் (பின்வாங்கு) எல்லாம் 'சி, இ, டி, இ'. சூப்பர்சீட் மட்டும் 'எஸ்' போட்டுத் தனியாக நிற்கும்.

அப்புறம் பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்டில் குழப்புகிற ஜோடி ஒன்று உண்டு: எக்ஸீடிங்லி, எக்ஸஸிவ்லி. முன்னது வெறும் 'மிகமிக', நல்லதற்கும் வரும். 'எக்ஸீடிங்லி கைண்ட்' என்றால் பாராட்டு. பின்னது 'அளவுக்கு மீறி', அதில் குறை சொல்லும் தொனி இருக்கும். பத்தி புகழ்கிறதா, குறை சொல்கிறதா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

சர்பாஸ் என்ற வினைக்கும் கிட்டத்தட்ட எக்ஸீடின் பொருள்தான். சாதனை, திறமை பற்றிய பேச்சென்றால் அது இயல்பாகப் பொருந்தும். வேக வரம்பு, மருந்தின் அளவு, அதிகார எல்லை என்றால் எக்ஸீடைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

நோட்டில் எக்ஸீடைத் தனியாக விடாமல் சர்பாஸ், அவுட்நம்பர் (எண்ணிக்கையில் மிஞ்சு), அவுட்வெய் (முக்கியத்துவத்தில் மிஞ்சு) மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இவற்றுக்கும் 'தேன்' ஆகாது. கீழே ப்ரிஃபர், சீனியர், ஜூனியர் என்று இன்னொரு வரி. அவற்றுக்குப் பின்னால் 'டு' வரும். சேர்த்து எழுதினால் எரர் ஸ்பாட்டிங்கில் ஒப்பீடு தொடர்பாக வருவதில் பெரும்பகுதி அந்த ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.