பிளஸ் ஒன் பொருளியல்: என் வகுப்பில் நான் எதிர்பார்ப்பவை

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்று ஆனதிலிருந்து பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "மிஸ், அப்போ நேரா பிளஸ் டூ பாடத்தையே ஆரம்பிச்சிடலாமே?" கடலூரில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இந்த எண்ணம் இருக்கிறது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்ததற்கு முக்கியமான காரணமே, பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருட்டிக்கொண்டிருந்ததுதான். 2025-26இலிருந்து அந்தத் தேர்வு இல்லை. மற்ற பாடங்களைப் பற்றி அந்தந்த ஆசிரியர்கள் சொல்லட்டும், பொருளியலில் இதனால் வரும் நஷ்டம் பெரியது. நம் பாடத்திட்டத்தில் நுண்ணியல், அதாவது தனித்தனி வீடும் கடையும் சந்தையும் எப்படி முடிவெடுக்கின்றன என்பது, முழுக்கப் பதினொன்றில் இருக்கிறது, பன்னிரண்டில் வருவது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்க்கிற பேரியல். தேவை, அளிப்பு (விற்க வருகிற அளவு), செலவு, அங்காடி (சந்தை) இதெல்லாம் புரியாமல் நேராகத் தேசிய வருவாய்க்கும் பணவீக்கத்துக்கும் போகிற பிள்ளை, வரையறையை எழுதிவிட்டு வருமே தவிர ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டால் நின்றுவிடும்.

அதனால் என் வகுப்பில் நுண்ணியல் முழுசாக நடக்கும், புத்தகத்தைத் தாண்டியும் கொஞ்சம் போவோம். எப்படி நடக்கும், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை வருடம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் படம். வளைகோடு வரைவதை அலங்காரம் மாதிரி நினைத்து, விடையை எழுதிவிட்டுக் கடைசியில் நேரமிருந்தால் ஒரு மூலையில் போட்டுவிட்டு வருவது பழக்கமாக இருக்கிறது. என் வகுப்பில் படத்தை முதலில் வரைய வேண்டும், அதைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும். இரண்டு அச்சுக்கும் பெயர், ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர், கோடு நகர்ந்தால் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி, பழைய விலை, புதிய விலை, இவ்வளவும் இருக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் எது காரணமோ அதைக் கிடை அச்சில் வைத்துப் பழகியிருப்பீர்கள், இங்கே விலை செங்குத்து அச்சில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதிய புத்தகத்தின் வழியாக நிலைத்துப்போன வழக்கம் இது. ஆரம்பத்தில் குழப்பும், சில வாரங்களில் சரியாகிவிடும்.

அடுத்தது இதைவிட முக்கியம். "விலை குறைந்தால் தேவை கூடும், தேவை கூடினால் விலை கூடும், விலை கூடினால் தேவை குறையும்" என்று வட்டமடிக்கிற விடை ஒவ்வொரு வருடமும் வருகிறது. எழுதுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை, நன்றாகப் படிக்கிறவர்களும் எழுதுகிறார்கள். விலை மாறியதால் அதே கோட்டின் மேல் நகர்வது வேறு, விலையைத் தவிர வேறு ஏதோ மாறியதால் கோடே இடம் மாறுவது வேறு. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிப் புத்தகம் தானாகத் திறந்துகொள்ளும், பதியாவிட்டால் வருடம் முழுக்க மனப்பாடம்தான்.

இதற்கு நம் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்கும், ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய்வரும். அளிப்புக் கோடு இடப்பக்கம் போகிறது, வஞ்சிரம் விலை ஏறுகிறது. அப்புறம் புரட்டாசி வருகிறது, பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. படகுகள் வழக்கம்போலப் போகின்றன, இந்தத் தடவை இடப்பக்கம் போவது தேவைக் கோடு, விலை இறங்குகிறது. இரண்டிலும் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் மீன் விற்கிறது, ஆனால் விலை எதிரெதிர்த் திசையில் போகிறது. இது ஏன் என்று மூன்று வரியில், படத்தோடு, உங்கள் சொந்த வார்த்தையில் எழுத முடிந்தால் முழு மதிப்பெண். புத்தகத்தில் இருக்கிற விதியை வார்த்தை மாறாமல் ஒப்பித்துவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால் ஐந்து மதிப்பெண் கேள்வியில் பாதியைத் தாண்டிப் போடமாட்டேன். வரையறை தேவையில்லை என்று சொல்லவில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வில் 90 மதிப்பெண் தாளில் இருபது ஒரு மதிப்பெண் கேள்விகள் இருக்கின்றன, அதற்கான பயிற்சியும் நடக்கும்.

நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்குகிற அளவு எவ்வளவு மாறும் என்பதை நடத்தும்போது பெட்ரோலை எடுப்போம். வரி குறைவு என்பதால் இங்கிருந்து புதுச்சேரி பக்கம் போகிறவர்கள் கன்னியக்கோயில் தாண்டி டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது உங்கள் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பெட்ரோலுக்கான தேவை நெகிழ்ச்சி குறைந்தது என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பங்க்குக்கு ஏன் ஆள் குறைகிறது? பொருளுக்கு இருக்கும் நெகிழ்ச்சியும் ஒரு கடைக்கு இருக்கும் நெகிழ்ச்சியும் ஏன் ஒன்றில்லை? இதை யோசித்துவிட்டு வகுப்புக்கு வரச் சொல்வேன். குறுகிய காலம், நீண்ட காலம் என்று வரும்போது 2011 டிசம்பர் 30இல் வந்த 'தானே' புயலை எடுப்போம். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. விலை எவ்வளவு ஏறினாலும் அடுத்த வருடமே புது மரம் காய்க்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள், அந்தப் பாடத்தை அவர்களே நடத்திவிடுவார்கள்.

கணிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் கணித முறைகள் கடைசிப் பாடமாக இருப்பதால் பலர் அதை மார்ச்சுக்குத் தள்ளி, பிறகு விட்டுவிடுகிறார்கள். நான் சாய்வையும் வகையிடலையும் (ஒன்று கொஞ்சம் மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்ற கணக்கு) ஜூலையிலேயே தொடங்கிவிடுவேன், ஏனென்றால் 'இறுதிநிலை' (இன்னும் ஒன்று கூடினால் எவ்வளவு கூடும் என்பது) என்று தொடங்குகிற எல்லாமே அதுதான். வணிகக் கணிதம் எடுக்காதவர்கள் பயப்பட வேண்டாம், பூஜ்யத்திலிருந்து சொல்லித் தருவேன். ஆனால் கொடுக்கிற கணக்குகளைத் தினமும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி விதிகள். வீட்டுப்பாடம் தாமதமானால் எத்தனை மதிப்பெண் குறைப்பீர்கள் என்று கேட்பார்கள். குறைக்கமாட்டேன். யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்னதாக அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. காசு கொடுத்துவிட்டோம், இனி என்ன கூச்சம் என்று ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தாமதத்துக்கு நானும் ஒரு விலை வைத்தால் இரண்டு மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவீர்கள், போடவும் வேண்டும், அதைத்தானே சொல்லித் தருகிறேன். ஆகவே என் வகுப்பில் தாமதம் விற்பனைக்கு இல்லை. முடிக்காதவர்கள் அன்றே சாப்பாட்டு இடைவேளையிலோ பள்ளி விட்டதும் என்னோடு உட்கார்ந்தோ முடித்துவிட்டுப் போக வேண்டும்.

யூனிட் டெஸ்ட்டில் குறைந்தால் மறுபடி எழுதலாம், புது மதிப்பெண்தான் கணக்கில் வரும். அதற்கு முன்னால் ஒவ்வொரு தவறான விடைக்கும் எங்கே யோசனை பிசகியது என்று எழுதிக் காட்ட வேண்டும். "கவனக்குறைவு" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கைடு, யூடியூப், சாட்ஜிபிடி, அண்ணன் அக்கா நோட்டு எதை வேண்டுமானாலும் பாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து விவாதியுங்கள். ஆனால் நோட்டில் இருப்பதை நோட்டை மூடிவிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியாத விடைக்கு மதிப்பெண் இல்லை. இரண்டு பேர் நோட்டில் ஒரே விடை இருந்தால் யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று விசாரிக்கமாட்டேன், இருவரையும் தனித்தனியாகக் கேட்பேன். போன் வகுப்பில் கூடாது, அவ்வளவுதான்.

வருகையைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். என் வகுப்பில் கேட்டரிங் வேலைக்கும், அதிகாலையில் துறைமுக ஏலத்துக்கு அம்மாவோடும் போய்விட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காய்ச்சல் என்று பொய் லீவ் லெட்டர் எழுத வேண்டாம். வேலை என்று சொல்லுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன், விட்டுப்போன பாடத்தைச் சொல்லித் தருவது என் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை எத்தனை நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாத ஊர் இது, அதனால் அங்காடி அமைப்புகள் வரைக்கும் அதற்கு முன்பே முடித்துவிடப் பார்ப்பேன். ஆரம்ப மாதங்களில் வேகம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பருவத்தில் மதிப்பெண் பத்தாம் வகுப்பைவிடக் குறையலாம். உடனே டியூஷனில் சேர்த்துவிடாதீர்கள். பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று மூவருமாக உட்கார்ந்து பார்க்கலாம். சனிக்கிழமை காலையில் பள்ளியில்தான் இருப்பேன்.

முதல் வாரத்துக்கு ஒரு கிராஃப் நோட்டு, ஸ்கேல், பென்சில் போதும். ஒரு வேலையும் உண்டு: தடைக்காலம் முடிவதற்கு முன்னால் ஒரு நாள், முடிந்து படகுகள் திரும்பிய பிறகு ஒரு நாள், ஒரே கடையில் ஒரே மீனின் விலையைக் கேட்டுத் தேதியோடு எழுதி வாருங்கள். மீன் சாப்பிடாத வீடு என்றால் உழவர் சந்தையில் தக்காளி விலையை ஒரு வாரம் தினமும் குறித்துக்கொண்டு வாருங்கள், முதல் படத்தை அந்த எண்களை வைத்துத்தான் வரையப்போகிறோம்.