டாம் டீயெல் கேட்ட கேள்விகள்

பிளாக்பர்ன் என்ற பெயரில் பிரிட்டனில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று இங்கிலாந்தின் லாங்கஷயரில், பழைய பஞ்சாலை நகரம். இன்னொன்று ஸ்காட்லாந்தின் மேற்கு லோதியனில், நான் குடியிருக்கும் லிவிங்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஊர். கடைத்தெருவுக்குப் போகும் பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயரை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்த இரண்டு ஊர்களையும் வைத்து ஒரு மனிதர் தன் சொந்தக் கட்சியின் அரசையே 1977-ல் திணறடித்தார். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் அமைக்க, தொழிற்கட்சிப் பிரதமர் கேலஹனின் அரசு மசோதா கொண்டுவந்திருந்தது. மேற்கு லோதியன் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் டாம் டீயெல் எழுந்தார். இது சட்டமானால் லாங்கஷயர் பிளாக்பர்னின் பள்ளிக்கூடங்களைப் பற்றி நான் லண்டனில் வாக்களிக்கலாம், என் தொகுதிக்குள் இருக்கும் பிளாக்பர்னின் பள்ளிக்கூடங்களைப் பற்றி எனக்குப் பேச்சே இருக்காது, இங்கிலாந்து மக்கள் இதை எத்தனை காலம் பொறுத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். ஒரு முறை கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. மசோதா அவைக்கு வந்த நாளெல்லாம் கேட்டார். உதாரணத்தை மாற்றி, ஊரை மாற்றி, துறையை மாற்றிக் கேட்டார். 1977 நவம்பர் 14 விவாதத்தில் ஈனாக் பவல்தான் அதற்கு 'மேற்கு லோதியன் கேள்வி' என்று பெயர் சூட்டினார். 1968-ல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கிய அதே பவல். எங்களைப் போல இங்கே வந்து வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கசக்கும். ஆனால் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஸ்காட்லாந்தில் மருத்துவம், பின்னாளில் எடின்பரோவில் அமைந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் பொறுப்பு. ஆக, டீயெல் கேட்டது எனக்குச் சட்டப் புத்தகச் சமாச்சாரம் இல்லை. 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா 316-க்கு 311 என்று ஐந்து வாக்கில் தப்பியது. தப்ப வைத்தவை ஸ்காட்லாந்து உறுப்பினர்களின் வாக்குகள். ஸ்காட்லாந்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் பொருந்தாது! அவர் கேட்டு கால் நூற்றாண்டு கழித்து அப்படியே நடந்தது. 2015-ல் இங்கிலாந்து மசோதாக்களுக்கு மட்டும் ஒரு தனி நடைமுறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள், 2021-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

யார் இவர்? 1932-ல் எடின்பரோவில் பிறந்தவர். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. மாணவராக இருந்தபோது அங்கே கன்சர்வேடிவ் மாணவர் சங்கத் தலைவர். 1956 சூயஸ் படையெடுப்புக்குப் பிறகு தொழிற்கட்சிக்கு மாறினார். போனெஸ் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1962 இடைத்தேர்தலில் ஜெயித்து, 2005 வரை 43 ஆண்டுகள் உறுப்பினர். கடைசி நான்கு ஆண்டுகள் 'அவையின் தந்தை', அதாவது தொடர்ந்து அதிக காலம் அவையில் இருந்தவர். பரம்பரையாக வந்த 'சர்' பட்டத்தை அவர் பயன்படுத்தவில்லை. லின்லித்கோவுக்கு அருகே பின்ஸ் என்ற அவர்களுடைய பழைய மாளிகை 1944-லேயே அறக்கட்டளைக்குப் போய்விட்டது, நாமும் உள்ளே போய்ப் பார்க்கலாம். தோட்டத்தில் மயில்கள் திரியும். என் பிள்ளைகளுக்கு அது போதும்.

இத்தனை ஆண்டுகளில் அவர் மந்திரியாக இருந்ததே இல்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது அறிவியல் துறைக்குக் கட்சியின் பேச்சாளராகச் சில காலம் இருந்தார், அவ்வளவுதான். 1982 மே 20-ல், ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு நடந்த போர் பற்றிய விவாதத்தில் கட்சித் தலைமையின் சொல்லை மீறி எதிர்த்து வாக்களித்த தொழிற்கட்சி உறுப்பினர்களில் அவரும் ஒருவர். தலைவர் மைக்கேல் ஃபுட் அந்தப் பொறுப்பைப் பறித்துவிட்டார். என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான வேலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முந்தைய மே 2-ம் தேதி, பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் கான்கரர், அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் செத்தார்கள். பிரிட்டன் அறிவித்திருந்த 200 கடல்மைல் தடை வட்டத்துக்கு வெளியே நடந்தது அது. மே 4-ல் பாதுகாப்பு மந்திரி ஜான் நாட் அவையில் விளக்கம் சொன்னார். அந்தக் கப்பல் கூட்டம் எங்கள் படையை நெருங்கிக்கொண்டிருந்தது, சில மணி நேரத் தொலைவில்தான் எங்கள் படை இருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம்.

போர் முடிந்து கான்கரர் ஊர் திரும்பியதும் வேறு தகவல்கள் கசிந்தன. பெல்கிரானோவைப் பல மணி நேரம் பின்தொடர்ந்த பிறகே அடித்திருக்கிறார்கள். டீயெல் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டவற்றை அவைக்குறிப்பில் வரிசையாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். போர் நியாயமா, மனிதாபிமானம் எங்கே போனது என்ற பெரிய கேள்விகளில் அவர் தங்குவதில்லை. கப்பலை முதலில் பார்த்தது எந்தத் தேதியில்? அடித்த நேரத்தில் அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? அது திசை மாற்றியது லண்டனுக்கு எப்போது தெரியும்? எல்லாமே ஒரு தேதியோ ஒரு மணியோ ஒரு திசையோ பதிலாக வரவேண்டிய கேள்விகள். பெரிய கேள்வி கேட்டால் மந்திரி பெரிய பேச்சாகப் பேசித் தப்பிவிடுவார். திசையைக் கேட்டால் ஒன்று திசையைச் சொல்லவேண்டும், இல்லை சொல்ல மறுக்கவேண்டும். இரண்டும் அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

அப்படித்தான் அரசின் கதை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மே 2-ல்தான் கப்பலைக் கண்டோம் என்று முதலில் சொன்னவர்கள், முந்தைய நாளே கண்டுவிட்டோம் என்று 1984-ல் ஒப்புக்கொண்டார்கள். நெருங்கிக்கொண்டிருந்தது என்றார்கள். ஆனால் அது மேற்கே திரும்பித் தாய்நாட்டுப் பக்கம் போய்க் கொண்டிருந்து பல மணி நேரம் ஆகியிருந்தது.

1984 ஜூலையில் டீயெலுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆவணங்கள். அனுப்பியவர் கிளைவ் பான்டிங் என்ற உயர் அதிகாரி. பிடிபட்டு, அரசு ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். நாட்டின் நலன் என்றால் அன்றைய அரசு சொல்வதுதான் என்ற பொருளில் நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். அப்படியும் 1985 பிப்ரவரியில் ஜூரிகள் பான்டிங்கை விடுதலை செய்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் உண்மையைச் சொல்வது குற்றமாகாது என்று சாதாரண மனிதர்கள் பன்னிரண்டு பேருக்குத் தோன்றியிருக்கிறது. அரசு சும்மா இருக்கவில்லை. பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று யாரும் இனி வாதாட முடியாதபடி 1989-ல் சட்டத்தையே திருத்தி எழுதிவிட்டது.

டீயெல் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பெரு நாடு முன்வைத்த சமாதானத் திட்டத்தைக் கெடுக்கத்தான் பிரதமர் தாட்சர் கப்பலை அடிக்கச் சொன்னார் என்று அவர் உறுதியாக நம்பினார். அது நிரூபணமாகவில்லை. பெல்கிரானோவின் கேப்டனே பின்னாளில், திசை மாற்றியது தற்காலிகம்தான், போரில் இது நடக்கக்கூடியதே என்கிற மாதிரி பேசியிருக்கிறார். ஆனால் மூழ்கடித்தது சரியா தவறா என்பது ஒன்று, அவையில் மந்திரி சொன்னது உண்மையா என்பது வேறொன்று. இரண்டாவதில் டீயெல் சொன்னதே சரி. தாட்சரைப் பொய்யர் என்று சொல்லி அவையிலிருந்து வெளியேற்றப்பட்டும் இருக்கிறார். அந்த வார்த்தையை அங்கே சொல்லக்கூடாது என்பது விதி. தெரிந்தேதான் சொன்னார்.

இந்த மாதிரி ஆட்களுக்கு அவையில் கிடைக்கும் இடம் ரொம்பக் குறுகியது. பதவி எதுவும் இல்லாத பின்வரிசைக்காரர் சபாநாயகரின் கண்ணில் படுவதற்காக எழுந்து எழுந்து நிற்கவேண்டும். வாய்ப்பு வந்தால் ஒரு துணைக் கேள்வி. அதை நீட்டினால் மந்திரிக்கு எது சௌகரியமோ அதற்கு மட்டும் பதில் வரும். 'ஏன்?' என்ற ஒற்றைச் சொல்லையே துணைக் கேள்வியாகக் கேட்கக்கூடியவர் டீயெல் என்று அவரை நினைவுகூர்கிறவர்கள் சொல்வதுண்டு. அப்புறம் நாளின் கடைசி அரை மணி நேரம், ஒத்திவைப்பு விவாதம். ஒரு உறுப்பினர் ஒரு விஷயத்தை எழுப்புவார், ஒரு இளைய மந்திரி பதில் சொல்வார், வாக்கெடுப்புக்கு வேலையில்லை. மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். லாக்கர்பி விமான குண்டுவெடிப்பைப் பற்றி டீயெல் அந்த அரை மணி நேரத்தைத் திரும்பத் திரும்ப வாங்கினார். 1988 டிசம்பரில் 270 பேர் செத்த சம்பவம் அது. 2001-ல் தண்டனை பெற்ற லிபியர் அல்-மெக்ராஹி குற்றவாளி இல்லை என்பது அவர் வாதம். காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேசுகிறார் என்று நமக்குத் தோன்றும். அவர் பேசியது சுருக்கெழுத்தாளர்களுக்காகவும், இறந்தவர்களின் குடும்பங்களுக்காகவும்.

அவர் வென்ற ஒன்றையும் சொல்லவேண்டும். இந்தியப் பெருங்கடலில் அல்டாப்ரா என்ற பவளத்தீவு, ராட்சத ஆமைகள் வாழும் இடம். 1960-களில் அங்கே விமானப்படைத் தளம் கட்டத் திட்டம். விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள், டீயெல் நாடாளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வியாகப் போட்டார். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்கவேண்டிய பண நெருக்கடி வந்தபோது திட்டத்தைக் கைவிட்டார்கள். பணமில்லாததுதான் பெரிய காரணம். ஆனால் அந்தத் திட்டத்தைச் சத்தமில்லாமல் நடத்தவிடாமல் பார்த்துக்கொண்டது அந்தக் கேள்விகள். 1982-ல் அல்டாப்ரா யுனெஸ்கோ பாரம்பரியத் தலமானது.

இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது. அதே கடலில், சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வந்தது. 1973-க்குள் சாகோஸ் தீவுகளின் மக்கள் அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஆமைகளுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்த சத்தம் அந்த மக்களுக்காக அந்த நேரத்தில் எழவில்லை. ஒரு பின்வரிசை உறுப்பினர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்காமலே போய்விடும் விஷயங்கள் எவ்வளவு இருக்கும் என்று அப்போது தோன்றும்.

சரி, படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டிஷ் நாடாளுமன்ற அவைக்குறிப்பான ஹான்சார்ட் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உறுப்பினரின் பெயரைப் போட்டால் அவர் பேசியதெல்லாம் தேதி வாரியாக வரும். 1977 நவம்பர் 14-ல் ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகு 1982 மே 4-ல் ஜான் நாட் சொன்னதைப் படித்துவிட்டு, அடுத்த இரண்டு வருடங்களில் டீயெல் கேட்டவற்றுக்கு வாருங்கள். மந்திரிகளின் பதில்களையும் விடாதீர்கள், எந்த இடத்தில் சொற்கள் மாறுகின்றன என்று பார்க்க அவை வேண்டும்.