பத்து விநாடி மூச்சு

ஜூலை 8, 2024, திங்கள்

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒருவர் இன்று நுரையீரல் செயல்பாட்டுச் சோதனைக்கு வந்தார். முப்பத்து நான்கு வயது, ஐம்பது கிலோ எடை. ஏழு மாதமாக இருமல். பகலில் தறியில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவாறு அடங்கியிருக்கும் அது, நள்ளிரவு தாண்டியதும் தொடங்கி விடியும்வரை அவரைப் படுக்கவிடுவதில்லை. உடன் வந்திருந்த தாயார், "ரெண்டு மணிக்கெல்லாம் எழுந்து சுவத்துல சாஞ்சு உக்காந்துடுறாம்மா" என்றார். முதலில் பார்த்த இடத்தில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். இன்னோர் இடத்தில், எக்ஸ்ரேயின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் சிறுசிறு புள்ளிகளாகத் தெரிந்த நிழலைப் பார்த்து, சளியில் கிருமி இல்லாதபோதும் காசநோய் மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த ஏழு மாதத்தில் ஒருவர்கூட ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்களை எண்ணிப் பார்க்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. போன வாரம்தான் எண்ணியிருக்கிறார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 6,400. இயல்பாக 500-க்குள் இருக்க வேண்டும். 3,000-ஐத் தாண்டினாலே வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியா என்னும் நோயை நினைக்க வேண்டும்.

ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனையில் அவர் ஊதி வெளியேற்றிய மொத்தக் காற்று, எதிர்பார்க்கும் அளவில் 68 விழுக்காடு. முதல் விநாடியில் வெளியேறிய பங்கு ஓரளவு சரியாகவே இருந்தது. அதாவது மூச்சுக்குழாய் அடைப்பைவிட, நுரையீரல் விரிய மறுப்பதுதான் இவரிடம் மேலோங்கி நிற்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

இன்று வாயுப் பரிமாற்றச் சோதனை. இதைப் பற்றி விரிவாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் இந்த நோயில் உண்மையைச் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

நூற்றில் 0.3 பங்கு கார்பன் மோனாக்சைடும், அதனுடன் உடலில் கரையாத ஹீலியம் போன்ற ஒரு வாயுவும் கலந்த காற்றை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்து, பத்து விநாடி நிறுத்தி, பிறகு வெளியே விட வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆகவே, எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்தால், அந்த வாயு நுரையீரலின் நுண்ணறைச் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் எவ்வளவு சென்றது என்பது தெரிந்துவிடும். ரத்தசோகை இருந்தால் முடிவு பொய்யாகக் குறையும் என்பதால், ஹீமோகுளோபின் அளவையும் கணக்கில் சேர்த்தே எழுதுகிறோம்.

அவரால் பத்து விநாடி நிறுத்த முடியவில்லை. ஆறாவது, ஏழாவது விநாடியில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் உள்ளிருக்கும் வாயு வெளியேற நான்கு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்; நான்காவது தடவைதான் ஏற்கத்தக்க முடிவு கிடைத்தது. எதிர்பார்க்கும் அளவில் 58 விழுக்காடு. இந்த நோயை ஆராய்ந்த வி. கே. விஜயன் குழுவினரின் ஆய்வில், மருந்து தொடங்காத நோயாளிகளில் 88 விழுக்காட்டினருக்கு இந்த அளவு குறைந்திருந்தது. ஆகவே எனக்கு வியப்பில்லை, வருத்தம்தான்.

ஓய்வில் விரல்முனைக் கருவி ரத்த ஆக்சிஜன் அளவை 96 விழுக்காடு எனக் காட்டியது. ஆறு நிமிடம் நடக்கச் செய்ததும் 89-க்கு இறங்கியது. ஓய்வில் ஒரு சிவப்பணு நுண்ணறையை ஒட்டிய தந்துகி என்னும் மிக நுண்ணிய ரத்தக்குழாயில் ஏறத்தாழ முக்கால் விநாடி தங்குகிறது. ஆக்சிஜன் நிரம்ப கால் விநாடியே போதும். சுவர் வீங்கித் தடித்திருந்தாலும் அந்த அவகாசம் குறையை மறைத்துவிடும். நடக்கும்போது ரத்தம் விரைந்து ஓடுவதால் அவகாசம் சுருங்குகிறது, மறைந்திருந்தது வெளிப்படுகிறது. வீக்கத்தால் காற்று சரியாகச் சேராத பகுதிகளுக்கும் ரத்தம் போய்க்கொண்டிருப்பதும் இதில் சேரும். உட்காரவைத்து விரலில் கருவியை மாட்டி "நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவது எவ்வளவு தவறு!

ஜூலை 11, வியாழன்

மருத்துவர் டைஎதில்கார்பமாசின் எழுதிக் கொடுத்தார்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் என்ற கணக்கில், 100 மில்லிகிராம் மூன்று வேளை, 21 நாள். அது யானைக்கால் மாத்திரை என்று தெரிந்ததும் தாயார் கலங்கிப் போனார். "எங்க வீட்டுல யாருக்கும் கால் வீங்கலையேம்மா" என்றார். கொசு வழியே வரும் அதே யானைக்கால் புழுவின் குஞ்சுகள், இந்த நோயாளிகளிடம் நுரையீரல் தந்துகிகளிலேயே சிக்கிக்கொள்கின்றன என்றும், உடல் அவற்றை மிகையாக எதிர்ப்பதால்தான் இருமல் வருகிறது என்றும், அதனால்தான் இரவில் எடுத்த ரத்தத்திலும் புழு தென்படவில்லை என்றும் சொன்னேன். கால் வீங்காது என்று அவர் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அதைப் பொறுமையாகச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

காசநோயோடு இதைக் குழப்புவது புதிதல்ல. நமக்கு வடமேற்கே மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமொட்-முல்லரும் பார்ட்டனும் 1940-இல் இதைக் காசநோய் போலத் தோன்றும் வேறொரு நோய் என்று எழுதினார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர் இதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயரிட்டார். எண்பது ஆண்டு கழிந்தும் குடியாத்தத்துக்காரர் ஒருவர் காசநோய் மருந்தோடு வருகிறார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இருபத்தொரு நாள் முடிந்தது. மருந்து தொடங்கிய ஐந்தாவது இரவே படுத்துத் தூங்கினாராம். ஈசினோஃபில் 700. ஊதிய மொத்தக் காற்று 84 விழுக்காடு. இன்று முதல் முயற்சியிலேயே பத்து விநாடி நிறுத்திவிட்டார். நானும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் வாயுப் பரிமாற்றம் 69-தான். நடந்த பிறகு ஆக்சிஜன் 93. இந்த வாரம் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை ஏறியபோது பாதியில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது என்றார். இருமல் இல்லாததால் குணமாகிவிட்டதாகவே நினைத்திருக்கிறார். இருமல் நின்ற பிறகும் நுண்ணறைச் சுவரில் வீக்கம் சிறிதளவு தங்கிவிடுவதுண்டு; சிலருக்கு அது தழும்பாகவே மாறிவிடும்; நோய் திரும்புவதும் உண்டு. இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. மறைக்க எனக்கு மனமில்லை.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்குத் தறி நிறுத்தியிருந்ததால் வந்தார். ஒரு நாள் கூலியை விட்டு வருவது அவருக்கு எளிதல்ல. எடை 54 கிலோ. ஈசினோஃபில் 450. வாயுப் பரிமாற்றம் 74, நடந்த பிறகு 94. இன்னும் குறைதான், ஆனாலும் ஏறுமுகம். பிப்ரவரி முதல் வாரத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்தேன். அட்டையின் பின்புறத்தில் "இருமல் இல்லாவிட்டாலும் வரவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, தாயாரின் கையில் கொடுத்தேன்.